கட்டுதலும் அவிழ்த்தலும்

நுழையும்முன்

எழுதியதைக் காப்பது எழுதுவதற்கு நிகரான பணி. ஓலையிலும் தாளிலும் வாழ்ந்த தமிழ் இன்று கணினிக் கோப்புகளிலும் வாழ்கிறது. அக்கோப்புகளைச் சுருக்கி, ஒன்றாகக் கட்டி, மற்றொரு கணினிக்கு அனுப்புவது நாள்தோறும் நிகழும் செயலாகிவிட்டது. ஓரிடத்தில் கட்டிய கட்டு வேறிடத்தில் அவிழாமற்போனால் என்ன ஆகும்? அவிழ்ந்தும் உள்ளிருக்கும் பெயர்கள் சிதைந்திருந்தால் யாரைக் கேட்பது? கணினிகள் பலவாக இருக்கும் உலகில் பொருத்தமான சுருக்கு மென்பொருளைத் தேர்ந்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள், தம் வட்டாரத்து உழவுச் சொற்களைத் தொகுப்பதாகக் கொள்வோம். கொற்கை, ஏரல், ஆத்தூர், ஆழ்வார்திருநகரி என ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கேட்டு எழுதுகிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கோப்பு. ஊரின் பெயரே கோப்பின் பெயர். முதியோரின் குரற்பதிவுகளும் ஏர், பரம்பு, கமலை ஆகியவற்றின் நிழற்படங்களும் உடன் சேர்கின்றன. பள்ளிக் கணினியில் இருப்பது விண்டோஸ். மெய்ப்புத் திருத்தும் மாணவியின் வீட்டில் இருப்பது லினக்ஸ். மலரை வடிவமைக்கும் அச்சகத்தில் இருப்பது மேக். முந்நூறு கோப்புகளைத் தனித்தனியே அனுப்புதல் இயலாது. ஒரே பொதியாக்கிச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

பொதி போய்ச் சேர்கிறது, திறக்கவும் செய்கிறது. ஆனால், ஊர்ப்பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் வரிசையாக நிற்கின்றன. கோப்பின் உள்ளே சொற்கள் நலமாக உள்ளன. எனினும், எந்தச் சொல் எந்த ஊருக்குரியது என்பது போய்விட்டது. வட்டார வழக்குத் தொகுப்பில் ஊர் போனபின் எஞ்சுவது யாது? இந்த இடரின் வேரைக் காண, சுருக்குதல் என்பது உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்படி என்னும் நுட்பம்

பழைய நிலப் பத்திரங்களைப் படித்தோர் ‘௸’ என்னும் குறியைக் கண்டிருப்பர். ‘மேற்படி’ என்பதைக் குறிக்கும் தமிழ்க்குறி அது. ஒருங்குறியிலும் அதற்குத் தனியிடம் உண்டு. முன்னர் எழுதிய பெயரையோ ஊரையோ மீண்டும் முழுமையாக எழுதாமல், ‘மேலே சொன்னதைப் பார்த்துக்கொள்க’ என்று சுட்டுவதே அதன் வேலை. எழுதுவோருக்குத் தாளும் மையும் மிச்சம். படிப்போருக்குப் பொருளில் குறைவில்லை.

கணினியும் இதையே செய்கிறது. இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான யாக்கோபு சிவ், ஆபிரகாம் லெம்பெல் ஆகிய இருவரும் 1977ஆம் ஆண்டில் ஒரு வழிமுறையை வெளியிட்டனர். கோப்பைப் படித்துக்கொண்டே செல்லும் நிரல், முன்பு வந்த ஒரு தொடர் மீண்டும் வருமாயின் அதனை எழுதாது. ‘இத்தனை எழுத்து பின்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று இரண்டு எண்களை மட்டும் எழுதும். விரிக்கும் நிரல் அவ்வெண்களைப் பின்பற்றிப் பழைய கோப்பை எழுத்துப் பிசகாமல் மீட்கும். நம் பத்திர எழுத்தரின் ‘மேற்படி’க்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான்: எழுத்தர் எந்த மேற்படி என்பதைப் படிப்போரின் அறிவுக்கு விட்டுவிடுவார்; கணினிக்கு அந்தச் சலுகை இல்லை.

இதனோடு இணையும் மற்றொரு நுட்பம் டேவிட் ஹஃப்மன் கண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் மாணவராக இருந்தபோது, இறுதித்தேர்வு எழுதுவதற்கு மாற்றாக ஆய்வுக்கட்டுரை ஒன்றை அளிக்கலாம் என்று அவருடைய ஆசிரியர் கூறினார். தேர்வைத் தவிர்க்க விரும்பிய மாணவர் எடுத்துக்கொண்ட சிக்கலிலிருந்து பிறந்ததே 1952இல் வெளியான அவரது குறியீட்டு முறை. மிகுதியாக வரும் குறிக்குக் குறுகிய அடையாளமும், அரிதாக வரும் குறிக்கு நீண்ட அடையாளமும் தருவதே அதன் அடிப்படை. இன்று நாம் பயன்படுத்தும் ஜிப் கோப்பில் இவ்விரு நுட்பங்களும் கைகோத்தே இயங்குகின்றன.

இத்தகைய சுருக்கத்தில் ஒரு புள்ளிகூட இழக்கப்படுவதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. இதனை இழப்பில்லாச் சுருக்கம் என்பர். நிழற்படத்துக்குரிய ஜேபெக், இசைக்குரிய எம்பி3 ஆகியவை வேறு வகை. கண்ணும் செவியும் எளிதில் உணராதவற்றை நீக்கிவிட்டுச் சுருக்குவதால் அவை இழப்புச் சுருக்கம் எனப்படும். ஏற்கெனவே பிழிந்த கரும்பை மீண்டும் ஆலையில் இட்டால் சாறு வராதது போல, ஜேபெக் படங்களை ஜிப் பொதிக்குள் இட்டால் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். மென்பொருளின் குறை என்று அதனைக் கருத வேண்டா. எந்தக் கோப்பையும் சுருக்கிக் காட்டும் மென்பொருள் என்று விளம்பரம் வருமானால் அதனை நம்பவும் வேண்டா. மூன்று பிட்டு நீளத்தில் எட்டு வெவ்வேறு கோப்புகள் அமையலாம். அதனினும் குறைந்த நீளத்தில், வெற்றுக் கோப்பையும் சேர்த்து, ஏழு கோப்புகளே அமையும். எட்டு விருந்தினரை ஏழு இருக்கைகளில் தனித்தனியே அமர்த்த எந்த நிரலாலும் இயலாது.

தமிழும் சுருக்கமும்

இங்குத் தமிழுக்கு ஒரு தனிச்செய்தி உண்டு. இணையத்தில் பெருவழக்காக உள்ள யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே பதினைந்து பைட்டுகள். தமிழ் இடத்தை மிகுதியாகக் கேட்கிறதே என்று வருந்துவோர் உண்டு. ஆயினும் அம்மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் 224 என்னும் எண்; இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே உண்மையில் மாறுகிறது. திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு களைவதே சுருக்கு நிரலின் தொழில் ஆதலால், தமிழ் உரைக்கோப்பு சுருங்கும்போது பாதிக்கும் மிகக் கீழே இறங்கிவிடுகிறது. சேமிப்பில் தமிழுக்கு நேர்வதாகத் தோன்றும் இழப்பு, சுருக்கத்தில் பெரிதும் ஈடாகிறது.

கட்டுதல் வேறு, சுருக்குதல் வேறு

பல கோப்புகளை ஒன்றாக்குவது ஒரு செயல். அளவைக் குறைப்பது மற்றொரு செயல். யூனிக்ஸ் உலகம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தது. காந்தநாடாவில் கோப்புகளைத் தொடர்ச்சியாகப் பதிவதற்கு எழுந்த ‘டார்’ என்னும் நிரல் கட்டுவதோடு நின்றுவிடும். சுருக்குவதற்கு வேறொரு நிரலை அழைக்க வேண்டும். லினக்ஸ் கணினியிலிருந்து வரும் கோப்புகள் ‘டார்’, ‘ஜிஇசட்’ என இரண்டு ஒட்டுகளைத் தாங்கி வருவதன் காரணம் இதுவே. ஜிப் வடிவமோ இரண்டையும் தானே செய்கிறது.

ஜிப் பிறந்த கதை ஒரு வழக்கில் தொடங்குகிறது. 1980களில் தொலைபேசிக் கம்பிவழி கோப்புகளை அனுப்பியோர் ‘ஆர்க்’ என்னும் வடிவத்தைப் பயன்படுத்தினர். ஃபில் கேட்ஸ் என்னும் அமெரிக்க நிரலர் அதே வடிவத்துக்கு விரைவான நிரல் ஒன்றை எழுதினார். ஆர்க்கை உருவாக்கிய நிறுவனம் 1988இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தபின் கேட்ஸ் புதிய வடிவம் ஒன்றை வகுத்து 1989இல் வெளியிட்டார். அதன் அமைப்பு விளக்கத்தையும் எவரும் பயன்படுத்துமாறு உலகுக்கு அளித்தார். அதுவே ஜிப். ஜிப் கோப்பின் தொடக்கத்தில் இன்றும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான பி, கே ஆகிய இரண்டும் நிற்கின்றன. நிரலின் திறமையைவிட, விளக்கத்தைத் திறந்து வைத்த முடிவே ஜிப்பை நிலைநிறுத்தியது என்று கருத இடமுண்டு. ‘இன்ஃபோ-ஜிப்’ என்னும் தன்னார்வலர் குழு அவ்விளக்கத்தைக் கொண்டு, கணினி வகை ஒவ்வொன்றுக்கும் சுருக்கவும் விரிக்கவும் வல்ல கட்டற்ற நிரல்களை எழுதியது.

உரிமைச் சிக்கல் சுருக்கத்தின் வரலாற்றில் குறுக்கிட்டது இது ஒருமுறை மட்டுமன்று. யூனிக்ஸின் பழைய சுருக்கு நிரல் பயன்படுத்திய வழிமுறைக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அதிலிருந்து விடுபட ஜான்-லூப் கையி, மார்க் ஆட்லர் ஆகிய இருவரும் 1992இல் ஜிஜிப் என்னும் கட்டற்ற நிரலை உருவாக்கினர்.

தெரிந்து தெளிவோம்

சொற்செயலியில் உருவாகும் டாக்ஸ், ஓடிடி ஆவணங்களும், மின்னூலுக்குரிய ஈபப்பும், ஆண்ட்ராய்டு செயலிகளைத் தாங்கும் ஏபிகேயும் அடிப்படையில் ஜிப் பொதிகளே. ஒரு டாக்ஸ் கோப்பைப் படியெடுத்து, அப்படியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே உரை, படம், வடிவமைப்பு ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இருப்பதைக் காணலாம்.

பெயர் சிதைவதேன்?

ஊர்ப்பெயர்கள் சிதைந்த இடத்துக்குத் திரும்புவோம். ஜிப் வகுக்கப்பட்ட காலத்தில் ஒருங்குறி இல்லை. ஐபிஎம் கணினியின் 256 குறிகள் கொண்ட அட்டவணையிலேயே கோப்பின் பெயர் எழுதப்படும் என்று கொண்டனர். அதில் தமிழுக்கு இடமில்லை. 2006இல்தான், ‘இப்பெயர் யுடிஎஃப்-8இல் எழுதப்பட்டுள்ளது’ என்று அறிவிக்கும் ஓர் அடையாளம் ஜிப்பின் விளக்கத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வடையாளத்தை இட மறக்கும் மென்பொருளும் உண்டு. இட்டிருந்தும் காணாமற்போகும் மென்பொருளும் உண்டு. அத்தகைய கணினி, தமிழ்ப்பெயரின் பைட்டுகளைப் பழைய அட்டவணையில் தேடும். அங்கே 224ஆம் இடத்தில் இருப்பது கிரேக்க மொழியின் ஆல்ஃபா எழுத்து. 174, 175 ஆகிய இடங்களில் இரட்டைக் கோணக்குறிகள். ஆகவே, கொற்கையும் ஏரலும் ஆல்ஃபாவும் கோணக்குறியுமாக மாறி நிற்கின்றன. பெயர் அழிந்துவிடவில்லை, தவறான அட்டவணையில் படிக்கப்படுகிறது. சரியான மென்பொருளால் மீண்டும் விரித்தால் ஊர்கள் திரும்பிவரும். இதனை அறியாத ஒருவர், சிதைந்த பெயர்களை நீக்கிவிட்டு ஒன்று, இரண்டு என எண்ணிட்டு வைத்து, மூலப்பொதியையும் அழித்துவிடுவாரானால் அப்போதுதான் இழப்பு நிலையானதாகிறது.

பெயரின் நீளமும் இடர் தரும். லினக்ஸில் பெருவழக்காக உள்ள கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளை அனுமதிக்கிறது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழிலோ 85 குறிகள் மட்டுமே. விண்டோஸ் பைட்டுகளை இவ்வாறு எண்ணுவதில்லை ஆதலால் அங்கு நூறு குறிகளுள்ள தமிழ்த் தலைப்பையும் கோப்புக்கு இடலாம். அப்பொதியை லினக்ஸில் விரிக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் வெளிவராது. கட்டுரையின் முழுத்தலைப்பையும் கோப்பின் பெயராக வைக்கும் நம் வழக்கத்துக்கு இதனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். மறுதலையாக, லினக்ஸ் ஏற்கும் கேள்விக்குறி, முக்காற்புள்ளி முதலியவற்றை விண்டோஸ் கோப்புப்பெயரில் ஏற்பதில்லை.

மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை இன்னொரு விந்தையைச் செய்தது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அம்முறைமை எப்போதும் இரண்டாகப் பிரித்தே வைத்தது. அங்கிருந்து வந்த கொற்கையும் விண்டோஸில் தட்டச்சு செய்த கொற்கையும் லினக்ஸுக்கு இரு வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டு கொற்கைகள் அருகருகே நிற்கும். எது திருத்திய படி என்று தெரியாமல் மெய்ப்புத் திருத்துவோர் திகைப்பர்.

எதைத் தேர்வது?

சுருக்கு மென்பொருளை மதிப்பிடுவோர் பலரும் எது மிகச் சிறிதாக்குகிறது என்பதையே முதலில் கேட்கின்றனர். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அவிழ்க்கப்போகும் கணினியில் என்ன இருக்கிறது என்பதே முதற்கேள்வி. விண்டோஸ், மேக் ஆகியவற்றிலும் லினக்ஸின் பெருவழக்கான பதிப்புகளிலும் கூடுதலாக எதையும் நிறுவாமலே திறக்கத்தக்கது ஜிப். பலருக்கு அனுப்புவதாயின் அதுவே தக்கது.

ரஷ்ய நிரலர் இகோர் பாவ்லவ் 1999இல் வெளியிட்ட செவன்-ஜிப் கட்டற்ற மென்பொருள். அதன் செவன்-இசட் வடிவம் ஜிப்பைக் காட்டிலும் பெரும்பாலும் சிறிய பொதியைத் தருகிறது. ஒரே தன்மையுள்ள பல உரைக்கோப்புகளைத் தொடர்ச்சியாக வைத்து, ஒன்றில் வந்த ‘மேற்படி’யை மற்றொன்றிலும் பயன்படுத்துவது இதற்கு ஒரு காரணம். இந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்துச் சுருக்குவதால் பொதியின் ஓரிடம் பழுதானால் அக்கோப்பு மட்டும் கெடும். தொடராகச் சுருக்கிய செவன்-இசட் பொதியில் பழுதுக்குப் பின்னுள்ள பலவும் கெடக்கூடும். நீண்டநாள் பாதுகாக்க வேண்டிய குரற்பதிவுகளை இவ்வாறு ஒரே தொடராகக் கட்டுவது எனக்கு உடன்பாடன்று.

மற்றொரு ரஷ்யர் யெவ்கேனி ரோஷல் உருவாக்கிய ரார் வடிவமும் திறமையானதே. அதனை விரிக்கும் மூலநிரலை எவரும் பெறலாம். ஆனால், அதைக்கொண்டு சுருக்கும் நிரலை எழுத உரிமம் தடைவிதிக்கிறது. அவிழ்க்கப் பலர் உளர். கட்டும் உரிமை ஒருவரிடமே உள்ளது. விண்டோஸ் 11 தன் உள்ளமைந்த கருவியால் ரார், செவன்-இசட் ஆகியவற்றைத் திறக்கத் தொடங்கியதே 2023இல்தான். பழைய விண்டோஸ் வைத்திருப்போருக்கு அனுப்புகையில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூடிய வடிவங்களுக்கு நேர்வதை இரு சான்றுகளால் அறியலாம். ரேமண்ட் லாவ் என்னும் நியூயார்க் நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் 1987இல் மேக் கணினிக்கு ‘ஸ்டஃபிட்’ என்னும் சுருக்கு நிரலை எழுதினார். அக்காலத்து மேக் கோப்புகளுக்குத் தரவுக்கிளை, வளக்கிளை என இரு பகுதிகள் உண்டு. பிற கணினிகளின் நிரல்கள் ஒரு பகுதியை மட்டுமே அறிந்திருந்தன. இரண்டையும் காத்ததால் ஸ்டஃபிட் மேக் உலகெங்கும் பரவியது. உங்கள் வயதையொத்த ஒருவரின் அரிய படைப்பு அது. மேக் இயங்குதளம் 2003இல் ஜிப்பைத் தன்னுள் ஏற்றபின் அதன் தேவை மங்கியது. இன்று பழைய ஸ்டஃபிட் பொதியைக் கையில் வைத்திருப்பவர், அதைத் திறக்கும் கருவியைத் தேடிச்செல்ல வேண்டும். மற்றொன்று ‘ஏஸ்’ என்னும் வடிவம். அதனை விரிக்கும் நிரலில் நெடுங்காலமாக மறைந்திருந்த பாதுகாப்புப் பிழை ஒன்று 2019இல் வெளிப்பட்டது. அந்நிரலைத் தன்னுள் கொண்டிருந்த வின்ராரின் ஆக்குநர்களிடம் அதன் மூலநிரல் இல்லை. திருத்த வழியின்றி அவ்வடிவத்துக்கான ஆதரவையே நீக்கினர்.

அனுப்புமுன்

பொதியின் அளவைப் பாருங்கள். பழைய ஜிப் அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மிகலாகாது. உள்ளே 65,535 கோப்புகளுக்கு மேல் இருத்தலாகாது. 2001இல் வந்த ஜிப்-64 விரிவாக்கம் இவ்வெல்லைகளை அகற்றியது. எனினும், ஃபேட்-32 முறையில் அமைந்த விரலி எனில் அதுவே 4 ஜிகாபைட்டு அளவுள்ள கோப்பை ஏற்காது. பொதியைப் பகுத்தே எடுத்துச்செல்ல வேண்டும். தானே விரியும் பொதி என்று சில மென்பொருள்கள் தருவதைத் தவிருங்கள். விண்டோஸுக்கான நிரலாக அமைவதால் அது மேக்கிலும் லினக்ஸிலும் தானே விரியாது. மின்னஞ்சல் சேவைகளும் இயங்கு நிரல்களை ஐயத்தோடு தடுப்பதுண்டு.

கடவுச்சொல் இடுவதாயின் ஜிப்பின் தொடக்ககால மறையாக்கம் வலிவற்றது என்பதை அறிக. ஏஇஎஸ் மறையாக்கம் வலிவுடையது. ஆனால், விண்டோஸின் உள்ளமைந்த கருவி பல்லாண்டுகள் அதனைத் திறக்க அறியாதிருந்தது. பெறுபவர் செவன்-ஜிப் போன்றதை நிறுவ நேரிடும். உழவுச் சொற்களுக்குக் கடவுச்சொல் எதற்கு? மாணவர்தம் முகவரிப் பட்டியல் உடன் செல்கிறது என்றால் கட்டாயம் தேவை.

நம் மாணவர்கள் இப்போது செய்யத்தக்கது இது. கோப்புகளுக்குச் சிறிய பெயர் இடுக. ஒவ்வொரு கோப்பின் முதல்வரியிலும் ஊர், தகவல் தந்தவர், நாள் ஆகியவற்றை எழுதுக. பெயர் சிதைந்தாலும் உள்ளே அது காக்கப்படும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை உரைக்கோப்பாக எழுதி, ‘பட்டியல்’ என்னும் பெயருக்கு மாற்றாக 001 என்று எண்ணால் பெயரிட்டு அதே பொதியில் வைக்க. புதிய பதிப்பு மென்பொருளால் ஜிப் வடிவில் கட்டுக. மூன்று கோப்புகளை மட்டும் கொண்ட சிறுபொதி ஒன்றை முதலில் மெய்ப்புத் திருத்தும் மாணவிக்கும் அச்சகத்துக்கும் அனுப்பித் திறக்கச் சொல்லுக. கொற்கை கொற்கையாகவே தெரிகிறது என்று இருவரும் விடையளித்தபின், முந்நூறையும் கட்டலாம். மூலக்கோப்புகளைப் பள்ளிக் கணினியிலிருந்து மலர் அச்சாகும்வரை நீக்க வேண்டா.